18ஆம் நூற்றாண்டு லண்டனில் மேகநோய் (பால்வினை நோய்) வைத்தியம்: "குணமாகிவிட்டது" என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

பழையதாள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஜேம்ஸ் பாஸ்வெல்லின் லண்டன் நாட்குறிப்பை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினாரே, அவர்தான். 22 வயதில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து டவுனிங் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது எழுதியது. 1950இல்தான் அச்சில் வந்தது. அதில் ஒரு பகுதி மனசைப் பிசைந்துகொண்டே இருக்கிறது.

1763 ஜனவரி. லூயிசா என்று அவர் பெயர் வைத்துக் குறிப்பிடும் ஒரு நாடக நடிகையோடு பழக்கம். 12ஆம் தேதி இரவு ஒரு விடுதியில் தங்குகிறார்கள். ஆறே நாளில் எரிச்சலும் வலியும் தொடங்கிவிடுகின்றன. வெட்டை நோய் (கொனோரியா). முன்பே பட்டு அறிந்தவர் என்பதால் பார்த்ததும் புரிந்துவிடுகிறது. ஆண்ட்ரூ டக்ளஸ் என்ற அறுவை வைத்தியரிடம் ஓடுகிறார். அவர் நண்பர்தான், ஆனாலும் கட்டணம் ஐந்து கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு). அப்புறம் லூயிசா வீட்டுக்குப் போய் நேரடியாகவே கேட்டுவிடுகிறார்.

அவள் மறைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தனக்கு இந்த நோய் கடுமையாக வந்தது உண்மை என்கிறாள். ஆனால் 15 மாதமாக எந்தத் தொந்தரவும் இல்லை, ஆறு மாதமாக உங்களைத் தவிர வேறு ஆண் துணையும் இல்லை என்று கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறாள். பாஸ்வெல் நம்பவில்லை. இவ்வளவு கடுமையாகத் தொற்ற வைத்தவளுக்குத் தன் உடம்பில் நோய் இருப்பது தெரியாமல் இருக்கவே முடியாது என்று டக்ளஸ் அடித்துச் சொல்லிவிட்டார். அதோடு விஷயம் முடிந்தது. பாஸ்வெல் ஐந்து வாரம் அறைக்குள் அடைந்து கிடந்து கஞ்சியும் மருந்துமாக இருந்து எழுந்தார்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் ஒருவரிடம் "உனக்குக் குணமாகிவிட்டது" என்று வைத்தியர் சொன்னால் அதற்கு என்ன பொருள்? மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பவுண்டர்மகள்

நல்ல கேள்வி பழையதாள் அண்ணா. நான் மருந்தியல் படித்தவள். மருந்துப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் பாதரசம். பாஸ்வெல்லுக்கு வந்த வெட்டைக்கும் சிபிலிஸுக்கும் வேறுபாடு அன்றைக்குத் தெளிவாகத் தெரியாது. ஒரே விஷம், முதலில் வெட்டையாக வரும், முற்றினால் உடம்பெல்லாம் புண்ணாகும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள். புண், கட்டி, செப்பு நிறத் தடிப்பு என்று முற்றிய நிலைக்குப் போனால் பாதரசம்தான். பன்றிக்கொழுப்பில் குழைத்துத் தொடையிலும் காலிலும் தேய்ப்பார்கள், மாத்திரையாகக் கொடுப்பார்கள், சில இடங்களில் லிங்கம் என்ற சிவப்புப் பாதரசத் தாதுவைத் தணலில் போட்டுப் புகை பிடிக்க வைப்பார்கள்.

பாதரசம் உடம்பில் ஏறியதும் எச்சில் ஊற ஆரம்பிக்கும். அது பக்கவிளைவு என்று அவர்கள் நினைக்கவில்லை. விஷம் எச்சிலோடு வெளியே போகிறது, வைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு நாளைக்கு 3 பைன்ட், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் எச்சில் வடிந்தால் சரியான அளவு. அறையைக் கற்பனை செய்து பாருங்கள். சன்னல் அடைத்திருக்கும், கணப்பு எரியும். கம்பளித் துணியைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு மடியில் ஒரு பாத்திரத்தை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். விழுங்கக் கூடாது. நாக்கு தடித்து வாயை அடைக்கும், ஈறு அழுகும், பல் ஆடி விழும், மூச்சு நாறும். இப்படியே ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். எச்சில் நின்று, புண்ணும் ஆறியிருந்தால் "குணம்".

நோயாளி பட்ட வேதனையே மருந்து வேலை செய்வதற்கு அடையாளமாக இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

சித்தம்தேடி

அந்த எச்சில் வடிதலுக்கும் ஈறு அழுகுவதற்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: வாய் வேக்காடு. ரச மருந்து, அதாவது பாதரச மருந்து, சரியாக முடிக்கப்படாவிட்டாலும், பத்தியம் தவறினாலும், அளவு மீறினாலும் வரும் என்று சித்த மருத்துவ ஆசிரியர்கள் எச்சரிப்பார்கள். நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மேகநோய்க்கும் கிரந்திக்கும் ரசம், லிங்கம், பூரம், வீரம் என்ற நான்கு பாதரசச் சரக்கும் நம் மரபிலும் உண்டு. ஐரோப்பியர்கள் கலோமெல் என்றது பூரத்தை. சப்ளிமேட் என்றது வீரத்தை. பொருள் ஒன்றுதான். ஆனால் வாய் வேக்காட்டை நம்மவர்கள் நஞ்சின் அறிகுறியாகப் பார்த்தார்கள், அங்கே நோய் வெளியேறும் வழியாகப் பார்த்தார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, பறங்கிப்பட்டை. சீனத்து வேர். மேகநோய்க்கு நாம் இன்றும் சூரணமாகக் கொடுக்கும் அதே சரக்கைப் போர்த்துக்கீசியர்கள் 1530களில் கோவா வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் 1546இல் அதைப் பற்றியே ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். நோய்க்குப் பறங்கிப்புண் என்று அவர்கள் பெயரை வைத்தோம், மருந்துக்கும் அவர்கள் பெயரையே வைத்தோம்!

வடலிக்காற்று

இலங்கையில் பறங்கி என்ற சொல் இன்னொரு பாதையில் போனது. ஆங்கிலேயர் காலத்து வைத்திய அறிக்கைகளில் பறங்கி நோய் என்று வருவது யாஸ் என்னும் தோல்நோய். அதன் கிருமி சிபிலிஸ் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் பாலுறவால் பரவாது, பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்கு வரும். எனது பாட்டி காலில் ஆறாத புண் உள்ள யாரைப் பற்றிக் கதைத்தாலும் இந்தச் சொல்லைத்தான் பாவிப்பார். இழை லண்டனைப் பற்றியது, ஆகவே இதோடு நிறுத்துகிறேன்.

எதிர்க்கேள்வி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்குப் பெனிசிலினைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய வைத்தியர்களை அசடுகள் என்று சொல்வது எளிது. பாதரசத்தை 1490களில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை விடாமல் பயன்படுத்தினார்கள். 400 வருஷம்! அதில் கொஞ்சமாவது பலன் இல்லாமலா இருந்திருக்கும்? வியன்னாவில் வான் ஸ்வீட்டன் போன்ற கூர்மையான ஆட்கள், எச்சில் வடிய விடாமலே குணப்படுத்தலாம் என்று வீரத்தைத் தானியச் சாராயத்தில் மிகச் சிறிய அளவு கரைத்து 1750களில் கொடுத்துப் பார்த்தார்கள். பிரான்சில் கெய்சர் என்பவரின் மாத்திரை ராணுவ மருத்துவமனைகளுக்கே போனது. அளவைக் குறைப்பது, வேதனையைக் குறைப்பது, நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது என்று உண்மையான முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவர்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள். புண் ஆறியது. அது பொய்யா?

வார்டுஅக்கா

எதிர்க்கேள்வி தம்பி, புண் ஆறியது பொய் இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நான் பால்வினை நோய்ப் பிரிவில் செவிலியராக 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். சிபிலிஸ் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் ஒரு புண். பெரும்பாலும் வலிக்காது. சில வாரத்தில் மருந்தே போடாவிட்டாலும் தானாக ஆறிவிடும். அப்புறம் சில வாரமோ மாதமோ கழித்து உடம்பில் தடிப்பு, உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும். அதுவும் தானாக மறையும். பிறகு நோய் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், 10 வருஷம், 20 வருஷம், அதற்கு மேலும். அப்புறம் சிலருக்கு இதயத்தில், மூளையில், எலும்பில் காட்டும். பலருக்குக் காட்டவே காட்டாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புண்ணோடு வந்தவனுக்கு நீங்கள் ஒரு மாதம் பாதரசம் தேய்க்கிறீர்கள். தேய்க்காவிட்டாலும் அந்த ஒரு மாதத்தில் புண் ஆறியிருக்கும். நீங்கள் எதைக் கொடுத்தாலும் ஜெயித்துவிடுவீர்கள். பறங்கிப்பட்டையும் ஜெயிக்கும், தண்ணீரும் ஜெயிக்கும்.

இது என் ஊகம் இல்லை. நார்வேயின் ஆஸ்லோ நகரில் சீசர் பேக் என்ற பேராசிரியர், பாதரசம் நன்மையைவிடத் தீமைதான் அதிகம் செய்கிறது என்று 1891 முதல் 1910 வரை ஏறக்குறைய 2,000 நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமலே வைத்துக் கவனித்தார். பிறகு வந்தவர்கள் அந்த நோயாளிகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் பிற்காலத் தொல்லை பெரிதாக இல்லாமல் வாழ்ந்து முடித்திருந்தார்கள். மருந்தே இல்லாமல்! பாதரசத்துக்குக் கிருமியைக் கொஞ்சம் அடக்கும் சக்தி இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டு வைத்தியர் "என் கையால் குணமானான்" என்று எண்ணிய ஆட்களில் பெரும்பகுதி அவர் கையால் குணமானவர்கள் இல்லை.

எதிர்க்கேள்வி

அக்கா, இதை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது லண்டன் அறுவை வைத்தியர் ஜான் ஹன்டர் செய்தது வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. வெட்டை நோய் வந்த சிலருக்கு அவர் வெறும் ரொட்டியை உருட்டி மாத்திரை என்று கொடுத்தார். அவர்களும் குணமானார்கள். அதை மறைக்காமல் 1786இல் வெளியிட்ட தன் நூலிலேயே எழுதினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். வெட்டை தானாகவே அடங்கும், மருந்து கொடுத்தவன் பெயர் வாங்கிக்கொள்கிறான் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அதே ஹன்டர்தான் அந்தப் பெரிய தவறையும் செய்தார். 1767 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெட்டை நோயாளியின் சீழில் கத்தி முனையைத் தோய்த்து ஓர் ஆண் உறுப்பில் இரண்டு இடத்தில் குத்தினார். இரண்டு நாளில் அரிப்பு, பிறகு புண், அரையாப்பு (தொடை இடுக்கில் கட்டி), தொண்டைப் புண், உடம்பில் செப்பு நிறத் தடிப்பு. வெட்டைச் சீழிலிருந்து சிபிலிஸ் வந்துவிட்டது, ஆகவே இரண்டும் ஒரே விஷம் என்று முடிவு கட்டினார். சீழ் கொடுத்தவனுக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்திருக்கிறது, அவ்வளவுதான். முழுதாகக் குணமாக மூன்று வருஷம் ஆனது என்று எழுதியிருக்கிறார். யார் உடம்பு என்று சொல்லவில்லை. தன் உடம்பில்தான் செய்துகொண்டார் என்ற கதை பிறகு பரவியது.

கம்பவுண்டர்மகள்

எடின்பரோவில் பெஞ்சமின் பெல் என்ற அறுவை வைத்தியர் 1793லேயே இரண்டும் வேறு வேறு நோய் என்று எழுதிவிட்டார். ஆனால் ஹன்டர் பெயருக்கு முன்னால் அது எடுபடவில்லை. 1838இல் பாரிஸில் ரிகோர் என்ற வைத்தியர் வந்துதான் முடித்து வைத்தார். வெட்டைக் கிருமியை நைசர் கண்டது 1879. சிபிலிஸ் கிருமி 1905.

கோட்டோவியம்

யாராவது ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் படத்தைப் பற்றிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். 1732இல் வந்த செப்புத்தகட்டு ஓவிய வரிசை, ஆறு படம். கிராமத்திலிருந்து லண்டன் வரும் மால் என்ற பெண் பாலியல் தொழிலில் விழுந்து சாகிற கதை. ஐந்தாவது படத்தை அச்சுப்பிரதியில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

கணப்பு அருகே நாற்காலியில் கம்பளி சுற்றிய மால், உயிர் போய்க்கொண்டிருக்கிறது. கம்பவுண்டர்மகள் சொன்ன அதே வியர்வைக் கம்பளிதான். பக்கத்தில் இரண்டு வைத்தியர்கள் தங்கள் மருந்துதான் சிறந்தது என்று சண்டை போடுகிறார்கள். மேசை கவிழ்ந்து கிடக்கிறது. மாலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வேலைக்காரி மறு கையை அவர்கள் பக்கம் நீட்டிப் போதும் நிறுத்துங்கள் என்கிறாள். இன்னொருத்தி பெட்டியைத் திறந்து துணியை அள்ளுகிறாள். ஒரு சின்னப் பையன் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறான், அவள் மகன். அப்புறம் ஓரமாகப் பாருங்கள்: டாக்டர் ராக் என்று அச்சிட்ட விளம்பரத் தாளின் மேல் சில பற்கள். அவளுடைய பற்கள். பாதரசம் கழற்றிய பற்கள்.

அடுத்த படத்தில் சவப்பெட்டி. மூடியில் வயது 23 என்று எழுதியிருக்கும். ராக் கற்பனைப் பெயர் இல்லை. கோவென்ட் கார்டனில் மருந்து விற்ற ஆள்.

கூலிவரலாறு

மன்னிக்க வேண்டும், ஐந்து கினி கொடுத்து அறைக்குள் படுக்க முடிந்தவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

லண்டனில் நன்கொடையில் நடந்த பல மருத்துவமனைகள் மேகநோய்க்காரர்களைச் சேர்ப்பதில்லை என்றே விதி வைத்திருந்தன. ஒழுக்கக்கேட்டுக்கு நன்கொடைப் பணமா என்று கேட்டார்கள். சேர்த்துக்கொண்ட பழைய மருத்துவமனைகளில் அழுக்கு வார்டு என்றே பெயர் வைத்துத் தனியாக அடைத்தார்கள், சில இடங்களில் மற்ற நோயாளிகளிடம் வாங்காத கட்டணத்தை இவர்களிடம் வாங்கினார்கள். கடைசிப் புகலிடம் ஏழைகள் விடுதியின் மருத்துவப் பகுதி. இந்த நிலைமையில்தான் வில்லியம் பிராம்ஃபீல்ட் என்ற அறுவை வைத்தியர் 1746இல் மேகநோய்க்காரர்களுக்கென்றே லாக் மருத்துவமனையைத் தொடங்கினார், 1747 ஜனவரியில் ஹைட் பார்க் முனை அருகே கதவு திறந்தது. இலவசம். ஆனால் ஒரு விதி: ஒருமுறை குணமாகி வெளியே போனவரை மறுபடி சேர்க்க மாட்டார்கள். மறுபடி வந்தால் மறுபடி தவறு செய்தாய் என்று பொருள். வார்டுஅக்கா சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். நோய் உள்ளேயே இருந்து திரும்பக் காட்டியவர்களை எத்தனை தடவை அந்த வாசல் திருப்பி அனுப்பியிருக்கும்!

அங்கே கணவனால் நோய் வாங்கிய மனைவிகள் வந்தார்கள். குழந்தைகளும் வந்தார்கள். கன்னிப் பெண்ணோடு சேர்ந்தால் நோய் போய்விடும் என்ற கொடிய நம்பிக்கைக்கு இரையான சிறுமிகள். மருத்துவமனையே தன் அறிக்கையில் இதை எழுதி நன்கொடை கேட்டது.

கப்பற்படையில் வேறு கொடுமை. மேகநோய்க்கு வைத்தியம் பார்த்தால் மாலுமியின் சம்பளத்தில் 15 ஷில்லிங் பிடிப்பார்கள், அது கப்பல் வைத்தியருக்குப் போகும். சாதாரண மாலுமிக்கு மாதம் 19 ஷில்லிங்தான். யார் வாய் திறப்பார்கள்? முற்றும் வரை மறைத்தார்கள். 1795இல்தான் அதை எடுத்தார்கள்.

சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைத்தளங்களை ஒட்டி லாக் மருத்துவமனைகள் வந்தன. பெயர் ஒன்று, வேலை வேறு. சிப்பாய்களைக் காப்பாற்றுவதற்காகப் பெண்களைப் பிடித்து உள்ளே வைப்பதற்கு.

சித்தம்தேடி

பிறவியிலேயே நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு?

கூலிவரலாறு

பாரிஸில் வோஜிரார் என்ற இடத்தில் 1780இல் அதற்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். தெருவில் விடப்பட்ட குழந்தைகளை நாட்டுப்புறச் செவிலித்தாய்களிடம் பால் குடிக்க அனுப்புவது வழக்கம். நோயுள்ள குழந்தையிடமிருந்து செவிலித்தாய்க்குத் தொற்றும், அவளிடமிருந்து அவள் பெற்ற பிள்ளைக்கும் கணவனுக்கும். இதைத் தடுக்க, நோயுள்ள தாய்களையே அங்கே சேர்த்து, சொந்தப் பிள்ளைக்கும் இன்னொரு அனாதைக் குழந்தைக்கும் பால் கொடுக்க வைத்து, தாய்க்குப் பாதரசம் தேய்த்தார்கள். பாலோடு மருந்தும் இறங்கும் என்ற எண்ணம். பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை.

கம்பவுண்டர்மகள்

மறைப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த மறைப்பை நம்பியே ஒரு பெரிய வியாபாரம் நடந்தது. செய்தித்தாளில் விளம்பரம் இருக்கும்: வேலைக்குப் போய்க்கொண்டே சாப்பிடலாம், மனைவிக்குக்கூடத் தெரியாது, பாதரசம் ஒரு துளியும் இல்லை. ஐசக் ஸ்வெயின்சன் என்பவர் வெல்னோ சிரப் என்ற மூலிகை மருந்தைப் பாதரசத்துக்கு எதிரான மருந்தாகவே விற்றுப் பெரும் பணக்காரராகி, ட்விக்கனமில் தாவரத் தோட்டமே அமைத்தார். பாஸ்வெல்லும் இந்த வழிக்குப் போனார். 1769இல் திருமணத்துக்கு முன்னால் உடம்பைத் தேற்றிக்கொள்ள லண்டன் வந்து, டாக்டர் கென்னடியின் லிஸ்பன் பானத்தைக் குடித்தார். ஒரு பாட்டில் அரை கினி. வாழ்நாளில் 15 தடவைக்கு மேல் அவருக்கு வெட்டை வந்தது.

வார்டுஅக்கா

பழையதாள் ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், லூயிசாவுக்கு.

வெட்டை ஆண்களுக்கு இரண்டு முதல் ஏழு நாளில் எரிச்சலும் சீழுமாகக் காட்டிவிடும். பாஸ்வெல்லின் ஆறு நாள் சரியாகப் பொருந்துகிறது. பெண்களில் பாதிப்பேருக்கும் மேல் எந்த அறிகுறியும் இருக்காது. கர்ப்பவாய்க்குள் கிருமி இருக்கும், அவளுக்கு எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படி இருக்கலாம். 15 மாதமாகத் தொந்தரவு இல்லை என்று அவள் சொன்னது முழுக்க முழுக்க நடக்கக்கூடியது. டக்ளஸ் கெட்டவர் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னார்.

என் பணிக்காலத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பெண், கர்ப்பகாலப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்று வந்தவள். கணவனைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தவன் உட்காரக்கூட இல்லை, "இவளிடமிருந்துதானே வந்தது?" என்று கேட்டான். அவனுக்கும் பரிசோதித்தோம். யாரிடமிருந்து யாருக்கு என்று ரத்தம் சொல்லாது அப்பா, இரண்டு பேருக்கும் ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் என்றேன். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஊசி போட்டோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. லூயிசா பக்கத்தில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

எதிர்க்கேள்வி

அக்கா, நன்றி.

பழையதாள், ஒன்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு லூயிசா பற்றி நாட்குறிப்பில் ஏதாவது வருகிறதா?

பழையதாள்

வருகிறது. முதல் பதிவில் எழுத மனசு வரவில்லை.

நோய் வருவதற்கு முன்னால், அவளுக்குப் பணமுடை என்று கேட்டு பாஸ்வெல் இரண்டு கினி கொடுத்திருந்தார். அறைக்குள் அடைபட்டிருந்த நாட்களில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். வைத்தியருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்குக் காரணம் நீதான் என்கிற மாதிரியான கடிதம்.

பிப்ரவரி 10ஆம் தேதி முற்பகல் ஒரு வேலைக்காரப் பெண் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். மிகக் கவனமாக முத்திரை வைத்து ஒட்டியிருந்தது. மேலே பெயர் எழுதவில்லை. பிரித்தால் உள்ளே இரண்டு கினி. ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.